ரயில் வராத ரயில் நிலையம்: பினாங்குத் தீவின் பழைய நகரம்

எங்கள் குடும்பத்தின் பழைய தகரப் பெட்டியில் ஒரு கடிதம் இருக்கிறது. என் பாட்டனாரின் தம்பி 1936-ஆம் ஆண்டில் பினாங்கிலிருந்து எழுதியது அது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிச் சென்ற அவர், தமக்கு ரயில்வேயில் டிக்கெட்டுக் குமாஸ்தா வேலை கிடைத்துவிட்டதென்றும், தாம் அமர்ந்திருக்கும் ஸ்டேஷன் கடிகாரக் கோபுரத்துடன் கூடிய அரண்மனை போன்ற கட்டடம் என்றும், ஆயினும் அந்த ஸ்டேஷனுக்கு ரயில் வருவதே இல்லை என்றும் அதில் எழுதியிருக்கிறார்.

ஊரார் சிரித்தார்கள். ரயில் வராத ஸ்டேஷனில் டிக்கெட்டு விற்பது என்பது எங்கள் ஊரில் பொய் பேசுவோரைக் கேலி செய்யும் சொல்வழக்காகவே ஆகிவிட்டது. என் பாட்டனார் மானத்துக்கு அஞ்சியவர். தம்பி ஏதோ தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்துவிட்டு, அதை மறைக்கக் கதை கட்டுகிறான் என்று முடிவு செய்தார். அதன் பின்னர் வந்த இரண்டு கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாராம். பிறகு போர் வந்தது, கடிதப் போக்குவரத்து நின்றது, நின்றது நின்றதுதான்.

நானும் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். அந்தக் கடிதத்தைப் படிக்குந்தோறும் என் மனத்தில் ஓர் உறுத்தல். பொய் சொல்ல விரும்புகிற மனிதன் நம்பத் தகுந்த பொய்யை அல்லவா சொல்லுவான்? சென்ற ஆண்டு, கோலாலம்பூரில் பணிபுரியும் என் மைத்துனர் அழைத்தபோது, விடுமுறை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். அவ்வாறு கண்டதும், அதன் பொருட்டுப் படித்ததுமே இக்கட்டுரை. நம் காலனியில் பலருக்கும் மலேயாவுக்குச் சென்ற ஒரு மாமனோ சிற்றப்பனோ இருப்பார் என்பதால், இதை என் வீட்டுக் கதையாக மட்டும் நினைக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூரிலிருந்து மின்சார ரயிலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்தால் பட்டர்வொர்த் நிலையம். அது தீபகற்பக் கரையில் உள்ளது. இருப்புப் பாதை அங்கே முடிந்துவிடுகிறது. அடுத்து மூன்று கிலோமீட்டர் அகலமுள்ள கடற்கால், அதற்கப்பால் தீவு. 1985-இல் திறக்கப்பட்ட பாலமும், 2014-இல் திறக்கப்பட்ட அதனினும் நீண்ட பாலமும் இன்று உண்டு. ஆயினும் பழைய முறைப்படி படகிலேயே செல்ல விரும்பினேன். நிலையத்திலிருந்து நடந்தே படகுத் துறையை அடைந்துவிடலாம். கால் மணி நேரத்துக்குள் கரை நெருங்குகிறது. முதலில் கண்ணிற் படுவது, உச்சியில் மேகம் சூழ்ந்த, 833 மீட்டர் உயரமுள்ள மலை. பிறகு வானளாவிய கட்டடம் ஒன்று. இவற்றின் அடிவாரத்தில், கடலோரமாகச் சிவப்பு ஓட்டுக் கூரைகள் தாழ்ந்து பரந்து கிடக்கின்றன. அதுவே பழைய நகரம்; ஜார்ஜ் டவுன்.

ஜார்ஜ் டவுன் என்றவுடன் நமக்குச் சென்னைத் துறைமுகத்தருகே உள்ள பகுதிதான் நினைவுக்கு வரும். பினாங்கின் ஜார்ஜ் டவுனே அதற்கு மூத்தது. சென்னையின் கறுப்பர் பட்டணம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரைப் பெற்றது 1911-இல். பினாங்கின் நகரம் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரைப் பெற்றது 1786-இல்.

பினாங்கு என்ற சொல்லுக்கு மலாய் மொழியில் பாக்கு என்று பொருள். ஆகவே கமுகுத் தீவு. நகரம் இருக்கும் முனைக்குப் பழம்பெயர் தஞ்சோங் பெனாகா. பெனாகா என்பது கடற்கரையில் வளரும் நம்முடைய புன்னை மரமேயாகும். நெய்தல் நிலத்துக்குச் சங்கப் புலவர் உரிமையாக்கிய மரத்தின் பெயரை ஒரு தூரதேசத்து முனை தாங்கி நின்றது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. இத்தீவு கெடா நாட்டுச் சுல்தானுக்கு உரியதாயிருந்தது. 1025-இல் முதலாம் இராசேந்திர சோழன் வென்ற கடாரம் இந்தக் கெடாவே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை. எனவே தமிழர்க்கு அக்கடற்பகுதி ஆங்கிலேயர் காட்டிய புதிய இடமன்று.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பாக பிரான்சிஸ் லைட் என்னும் கப்பல் தலைவர் 1786 ஜூலையில் இங்கு வந்திறங்கினார். ஆகஸ்டு 11-ஆம் நாள் கொடியேற்றினார். மறுநாள் பட்டத்து இளவரசரின் பிறந்தநாள் என்பதால் தீவுக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயரிட்டார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும். முனை முழுவதும் காடு. மரம் வெட்ட ஆட்கள் தயங்கியபோது, லைட் பீரங்கியில் வெள்ளி நாணயங்களைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாரென்றும், காசு தேடிச் சென்றவர்கள் காட்டையும் அழித்தார்களென்றும் ஒரு கதை வழங்குகிறது. வரலாறாயினும் கதையாயினும், கம்பெனியாரின் குணத்தை அறிந்தவர் கட்டிய கதைதான்.

சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுத்தது நாணயத்துக்காக மட்டுமன்று. சயாம் தேசத்தார் படையெடுத்தால் தமக்குத் துணை வர வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. கம்பெனி மேலிடம் அதற்கு இசையவில்லை; லைட்டோ அதைத் தெளிவாகச் சொல்லாமல் காலத்தை ஓட்டினார். ஏமாற்றம் அறிந்த சுல்தான் 1791-இல் தீவை மீட்க முயன்று தோற்றார். ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1800-இல் எதிர்க்கரையிலும் ஒரு துண்டு நிலத்தைப் பெற்றுக்கொண்டு, தொகையை 10,000 வெள்ளியாக உயர்த்தினார்கள். ஆர்க்காட்டிலும் தஞ்சையிலும் நடந்த நாடகத்தைப் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

லைட் 1794-இல் காய்ச்சலால் இறந்தார். அவர் சிலை கார்ன்வாலிஸ் கோட்டையில் உள்ளது. அவருக்கு உருவப்படம் எதுவும் கிடைக்காமையால் மகனுடைய முகத்தைப் பார்த்து வடித்தார்கள் என்று சொல்லுகிறார்கள். அந்த மகன்தான் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அமைத்தவர்.

லைட் தாம் இறந்த ஆண்டில் மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் குடிமக்களை வகைப்படுத்திக் காட்டியிருக்கிறார். சோழமண்டலக் கரைத் துறைகளிலிருந்து வந்த சூலியர் ஏறத்தாழ ஆயிரம் பேர் குடியேறியிருப்பதாகவும், அவர்கள் கடைக்காரரும் கூலிகளுமாக இருப்பதாகவும், அவருட் பலர் முன்பே கெடாவில் வாழ்ந்தவர்கள் என்றும் கூறுகிறார். அதற்கு மேல் ஆண்டுதோறும் கப்பல்களில் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வியாபாரத்தாலும் உழைப்பாலும் சில வெள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு திரும்ப, அடுத்த கூட்டம் வருமாம். சூலியர் என்பது சோழர் என்பதன் திரிபென்பர். நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளைச் சேர்ந்த தமிழ் முஸ்லிம்களையே அச்சொல் பெரிதும் குறித்தது. நகரின் பெரிய வீதிகளுள் ஒன்று இன்றும் சூலியா வீதிதான்.

படகுத் துறையிலிருந்து ஊருக்குள் நுழைந்தபோது தெருப் பலகைகளில் 'காட்' என்ற சொல்லைக் கண்டு நின்றேன். கரையோரச் சாலையை அடையும் தெருக்களின் முடிவுப் பகுதிக்கு இங்கே இப்பெயர். காசியிலும் அரித்துவாரத்திலும் நாம் கேட்டுப் பழகிய 'காட்' தான் இது, படித்துறை. கல்கத்தாவிலிருந்து வந்த கம்பெனிச் சிப்பந்திகள் கொண்டுவந்திருக்க வேண்டும். இப்பொழுது படியுமில்லை, துறையுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கிவிட்டார்கள். கடற்கரைத் தெரு என்று பெயர் தாங்கிய வீதியில் நின்றால் கடல் தெரிவதில்லை.

வீடுகள் யாவும் முன்னால் கடை, பின்னாலும் மேலும் குடித்தனம் என்ற அமைப்புடையவை. ஒவ்வொரு கடையின் முன்னும் ஐந்தடி அகலத்தில் நிழல்நடை விட வேண்டும் என்பது அக்காலச் சட்டம். தமிழர்கள் அதை 'அஞ்சடி' என்றே வழங்குகிறார்கள். காசு மாற்றுவோரும், பூக்கட்டுவோரும், பத்திரிகை விற்போரும் இந்த அஞ்சடியில்தான் தொழில் நடத்தினர். வெயிலுக்கும் திடீர் மழைக்கும் இதனினும் நல்ல ஏற்பாடு இருக்க முடியாது. நம்முடைய பெருநகரங்களில் நடைபாதையைத் தேடி அலைகிறவன் என்ற முறையில் சொல்லுகிறேன்.

ஒரே வீதியில், சிறிது தூரத்துக்குள், புனித ஜார்ஜ் தேவாலயம், சீனரின் கருணைத் தேவி கோயில், மாரியம்மன் கோயிலின் பின்புறம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவை அடுத்தடுத்து நிற்கின்றன. முன்பு பிட் வீதி எனப்பட்ட அது இப்பொழுது பள்ளிவாசலின் பெயராலேயே வழங்குகிறது. அப்பள்ளிவாசலை 1801-இல் நிறுவியவர் காதர் முகைதீன் என்னும் தமிழ் வணிகர். சூலியருக்குத் தலைவராகக் கம்பெனியாரால் ஏற்கப்பட்டுக் 'கப்பித்தான்' என்ற பட்டம் பெற்றவர். கெலிங் என்பது கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்தது. தென்னிந்தியரைக் குறிக்கத் தொடக்கத்தில் இயல்பாக வழங்கிய அச்சொல் இன்று இழிசொல்லாகக் கருதப்படுகிறது. ஆகவே பள்ளிவாசலின் பெயரில் தவிர வேறெங்கும் அதை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அருகிலுள்ள குடியிருப்பின் பெயர் கம்போங் கோலம். கோலம் என்றால் மலாய் மொழியில் குளம். கடைக்குக் கெடாய், கப்பலுக்குக் கப்பால், சுருட்டுக்குச் செருத்து, முதலுக்கு மொடால்! எந்தெந்தத் தொழிலின் வழியாகத் தமிழர் அங்கே புகுந்தனர் என்பதை அகராதியே சொல்லிவிடுகிறது. சோற்றையும் குழம்பையும் காவடித் தண்டில் தூக்கிச் சென்று துறைமுகத் தொழிலாளருக்கு விற்ற தமிழ் முஸ்லிம்களின் உணவு 'நாசி கண்டார்' என்ற பெயரில் இன்று அந்நாடு முழுவதும் புகழ்பெற்றுள்ளது. கண்டார் என்பது அந்தத் தண்டின் பெயரே.

சூலியா வீதியில், நாகூர் ஆண்டவர் பெயரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த சிறு தர்கா ஒன்று உள்ளது. கடலைக் கடந்து சேர்ந்தவர்கள், தாங்கள் விடைபெற்றுவந்த துறையின் தெய்வீகத்தைக் கரையேறிய துறையிலும் நிறுவிக்கொண்டார்கள். இராணி வீதியில் உள்ள மகா மாரியம்மன் கோயில் 1833-இல் கட்டப்பட்டது. அதன் கோபுரம் 1933-இல் எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை இறக்கிய தொழிலாளர்களே அதன் முதல் அடியார்கள். உள்ளே எண்ணெய் விளக்கின் மணமும் நாதசுர ஓசையும் சேர்ந்தபோது, வெளியே சீனர் கடைகள் இருப்பதை ஒரு கணம் மறந்தேன்.

இவையெல்லாம் விரும்பி வந்தவர்களின் சுவடுகள். விரும்பாமல் வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி எந்தத் தெருப் பலகையும் பேசவில்லை.

அந்தமானைத் தீவாந்தர சிட்சைக்குரிய இடமாக நாம் அறிவோம். ஆனால் அந்தமான் சிறைக் குடியேற்றம் 1858-இல்தான் நிலைபெற்றது. அதற்கு இரண்டு தலைமுறைக்கு முன்னரே கம்பெனியார் இந்தியக் கைதிகளைப் பினாங்குக்குக் கப்பலேற்றத் தொடங்கிவிட்டனர். காட்டை வெட்டியவர்கள், சாலை போட்டவர்கள், சதுப்பு நிலத்தை மேடாக்கியவர்கள் அவர்களே. நிபோங் மரக்கட்டைகளால் அமைந்திருந்த கோட்டையைச் செங்கல்லால் எழுப்பியதும் அவர்கள் உழைப்பு. 1818-இல் முடிந்த புனித ஜார்ஜ் தேவாலயமும் அவர்கள் உழைப்பு. அந்தத் தேவாலயத்தின் வெள்ளைத் தூண்களை அண்ணாந்து பார்க்கிற பயணிகளிடம் வழிகாட்டிகள் கட்டடக்கலையைப் பற்றி விளக்குகிறார்கள். கல் சுமந்தவன் காலில் சங்கிலி இருந்தது என்பதை நான் நின்ற வரையில் ஒருவரும் சொல்லக் கேட்கவில்லை.

இனி அந்தப் பழைய பெயருக்கு வருகிறேன். 1801 அக்டோபர் 24-ஆம் நாள் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். அடுத்த ஆண்டு பிப்ரவரியில், சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையத் தேவரும், சின்ன மருதுவின் சிறு வயது மகன் துரைசாமியும், கிளர்ச்சியில் சேர்ந்தோர் பலருமாக எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டார்கள். சென்றடைய வேண்டிய இடமாகக் கம்பெனியார் எழுதிய பெயர், வேல்ஸ் இளவரசர் தீவு. இளமையில் இதைப் படித்தபோது அது எங்கோ இங்கிலாந்தின் பக்கம் இருக்கும் என்றே எண்ணியிருந்தேன். அது பினாங்கு என்று அறிந்த நாளிலிருந்து, அந்தத் தீவின் பெயரைக் கேட்டால் எனக்குப் பாக்கு நினைவுக்கு வருவதில்லை. துரைசாமிதான் நினைவுக்கு வருகிறார்.

ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் 1830-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் இதைக் குறித்திருக்கிறார். அவர் 1795-ஆம் ஆண்டளவில் சின்ன மருதுவுடன் நட்புக் கொண்டவர்; ஈட்டி எறியவும் வளரி வீசவும் அவரிடமே கற்றவர். அதே வெல்ஷ்தான் பின்னர் மருதிருவரை எதிர்த்துப் போரிட்டார். கைதிகள் தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்திருந்தபோது காவலிலும் இருந்தார். 1818-இல் அவர் பினாங்குக்குச் சென்றிருந்தபொழுது, தளர்ந்த முதியவர் போன்ற ஒருவர் அவரிடம் வந்தார். யாரென்று கேட்டார். துரைசாமி என்றார் வந்தவர். கணக்குப் பார்த்தால் அப்போது துரைசாமிக்கு முப்பதுக்குச் சற்று மேல் இருக்கும். பதினாறு ஆண்டுத் தீவு வாழ்க்கை சிறுவனைக் கிழவனாக்கியிருந்தது. கோட்டை மதிலோரம் நடந்தபோது, அந்தச் சந்திப்பு எந்த இடத்தில் நிகழ்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே சென்றேன். அங்குள்ள 1603-ஆம் ஆண்டு டச்சுப் பீரங்கியைப் பார்க்கக் கூட்டம் நின்றது. பிள்ளைப் பேறு வேண்டும் பெண்கள் அதன் வாயில் பூ வைப்பதுண்டாம்.

நகரத்தார் வந்தது இதற்குப் பின். பினாங்கு வீதியில் அவர்களது கிட்டங்கிகள் இருந்தன. ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் சிறு வியாபாரிக்கும், பாங்கிகள் கதவைத் திறக்காத காலத்தில், கடன் கொடுத்தவர்கள் அவர்களே. தண்ணீர்மலைப் பகுதியில் 1857-இல் அவர்கள் முருகனுக்குக் கோயில் எழுப்பினார்கள். காரைக்குடியில் செய்து 1894-இல் கொண்டுவந்த வெள்ளித் தேர், இன்றும் தைப்பூசத்துக்குப் பினாங்கு வீதியிலிருந்து அக்கோயிலுக்குச் செல்லுகிறது. வழிநெடுகச் சீனர்கள் மலைபோலத் தேங்காய்களைக் குவித்துவைத்து உடைக்கிறார்கள். நான் சென்றது தைப்பூசக் காலமன்று, பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

பெரும்பான்மைத் தமிழர் வந்த விதம் வேறு. எதிர்க்கரையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகவும் கங்காணி மூலமாகவும் வந்தவர்கள் அவர்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது, கப்பல் நிற்கவில்லை. 1926-இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' என்ற பெயரைக் கேட்டால் நம் தாய்மார் இன்றும் பெருமூச்செறிவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று அது 1973 வரையில் ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுக்கும் பயணிகளை ஐயாயிரம் பேர் வரை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. பின் வந்த 'சிதம்பரம்' 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு கடல்வழிப் போக்குவரத்தே முடிந்தது. பினாங்குத் துறையை நெருங்கினாலும் ஏழைப் பயணி உடனே கரையேறிவிட முடியாது. நகருக்குத் தெற்கே ஜெரஜாக் என்ற சிறு தீவில் நோய்த்தடைக் காவலில் நாட்களைக் கழிக்க வேண்டும். அத்தீவைப் பாலத்திலிருந்து பார்க்கலாம். பச்சைப் பசேலென்று அழகாகவே இருக்கிறது.

இனி நான் எதற்காகச் சென்றேனோ அந்த இடம். சீன வீதியின் படித்துறைப் பகுதியில் அது நிற்கிறது. மூன்று மாடி, வளைவு வளைவான தூண் வரிசை, மூலையில் குவிமாடம் வைத்த கடிகாரக் கோபுரம். கோலாலம்பூரின் புகழ்பெற்ற ரயில் நிலையத்தை வரைந்த ஹபக் என்னும் சிற்பியே இதையும் வரைந்தவர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், மலாய் நாடுகளின் கூட்டு ரயில்வே இதைக் கட்டியது. இப்பொழுது சுங்க இலாகா அலுவலகம். தண்டவாளம் இல்லை, நடைமேடை இல்லை, சிக்னல் இல்லை, இருந்ததும் இல்லை. தீவில் ரயிலே கிடையாது, மலையுச்சிக்கு 1923 முதல் வடத்தால் இழுக்கப்படும் வண்டியைத் தவிர. ஆனால் பயணிகள் இங்கே வந்து டிக்கெட்டு வாங்கினார்கள், சாமான்களை ஒப்படைத்தார்கள், ரயில்வேயின் படகிலேறி எதிர்க்கரை சேர்ந்து, அங்கே நின்ற வண்டியில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் புறப்பட்டார்கள். படகும் டிக்கெட்டில் அடக்கம். ரயில்வே நிர்வாகம் அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. வண்டி நிற்கும் இடம் ஒன்று, வருமானம் வாங்கும் இடம் ஒன்று. நம் நாட்டிலும் ரயில் போகாத ஊர்களில் வெளி முகாமை வைத்து டிக்கெட்டு விற்பதில்லையா? ஆயினும் 1936-இல் தஞ்சைக் கிராமத்து மக்களுக்கு இதை யார் விளக்குவது?

எதிர்ப்புறம் நின்று நெடுநேரம் பார்த்தேன். கடிதத்தில் எழுதியிருந்த ஒவ்வொன்றும் கண்முன் இருந்தது. மலாயா ரயில்வேயின் ஸ்டேஷன் மாஸ்டர்களும் குமாஸ்தாக்களும் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழர். பாதை போட்டவர்கள் நம் பக்கத்துத் தொழிலாளர். அவர்களுக்கு நடுவே எங்கள் சின்னப் பாட்டனார் ஒரு நாற்காலியைப் பெற்றது எளிதாக இருந்திராது. அந்தப் பெருமையைத்தான் அவர் வீட்டுக்கு எழுதினார்.

போரின்போது அவர் என்ன ஆனார் என்பது தெரியவில்லை. 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் வந்தபோது, ஏதோ வேடிக்கை என்று மக்கள் தெருவில் நின்று பார்த்தனராம். குண்டுகள் அவர்கள் நடுவிலேயே விழுந்தன. விக்டோரியா மகாராணியின் அறுபதாண்டு ஆட்சிக்கு அறுபதடி உயரத்தில் கட்டிய மணிக்கூண்டு, அக்குண்டுவீச்சில் சற்றுச் சாய்ந்ததென்பர். சாய்ந்தபடியே இன்றும் நிற்கிறது. சில நாட்களில் ஆங்கிலேயர் தம்மவரை மட்டும் இரவோடிரவாகப் படகேற்றிக்கொண்டு வெளியேறிவிட்டனர். நகரத்து மக்களிடம் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அப்பொழுது பொறுப்பை ஏற்றவர்களுள் முதன்மையானவர் மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். ஆங்கில நாளிதழ் ஒன்றின் ஆசிரியர். கோட்டைக்குச் சென்று, ஆங்கிலேயர் இறக்க மறந்த அவர்களது கொடியை இவரே இறக்கினார்; நகரைக் காக்கப் படை எதுவும் இல்லை, குண்டு வீச வேண்டாம் என்று வானொலியில் அறிவிக்கப்பட்டது. லைட் ஏற்றிய கொடியை ஒரு தமிழர் இறக்கி நகரைக் காத்தார் என்பதை நம் சங்கத்துப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது. ஜப்பானியர் அவரைப் பின்னர் சிறையிலிட்டனர்.

அடுத்த ஆண்டுகளில் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை போட, மலாயாவிலிருந்து ஜப்பானியர் கொண்டுசென்ற தமிழர் பல்லாயிரவர். மீண்டவர் சிலர். ரயில்வே அனுபவம் உள்ளவர்களையும் விடவில்லை. அந்த நினைப்பை இதற்கு மேல் கொண்டுசெல்ல எனக்கு மனமில்லை.

கடிதத்தின் தலைப்பில் இராணி வீதியின் ஒரு வீட்டு எண் இருந்தது. தேடிக் கண்டுபிடித்தேன். ஜவுளிக்கடை. கடைக்காரர் தமிழர்தான், அன்பாகவே பேசினார். ஆனால் அவர் அவ்விடத்துக்கு வந்து சில ஆண்டுகளே ஆயிற்று. பழைய குடித்தனக்காரர்கள் எங்கே என்றேன். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போனதோடு எல்லாரும் போய்விட்டார்கள் என்றார். அச்சட்டத்தின் பாதுகாப்பு 1999-ஆம் ஆண்டோடு முடிந்தது. தலைமுறை தலைமுறையாகச் சிறு வாடகையில் வாழ்ந்தவர்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தார்கள். வெறுமையான வீடுகள் பாழாயின; சில விடுதிகளாயின. 2008 ஜூலையில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது. 109 ஹெக்டேர் பரப்பில் 1,700-க்கும் மேற்பட்ட பழங்கட்டடங்களை இனி இடிக்கலாகாது. இடிக்காமல் காத்தது பெரிய காரியமே; நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் சுவரைக் காத்த சட்டம் உள்ளே குடியிருந்தவரைக் காக்கவில்லை. அவர்கள் இருந்திருந்தால், 1936-இல் அந்த வீட்டில் யார் இருந்தார் என்று கேட்க எனக்கு ஒருவராவது கிடைத்திருப்பார்.

மாலையில் மாரியம்மன் கோயிலில் சின்னப் பாட்டனார் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்வித்தேன். நட்சத்திரம் கேட்டார் குருக்கள், எனக்குத் தெரியவில்லை. பரவாயில்லை என்றார்.

திரும்பியதும், எண்பத்தைந்தைக் கடந்துவிட்ட என் பெரியப்பாவைக் காணக் கிராமத்துக்குச் சென்றேன். கட்டடத்தின் புகைப்படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுபோயிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தண்டவாளம் எங்கே என்று படத்தின் கீழ்ப்பக்கம் விரலால் தேடினார். இல்லை என்றேன், படகு விவரத்தைச் சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு தகரப் பெட்டியை எடுத்துவரச் சொல்லி, அந்தக் கடிதத்தோடு படத்தையும் மடியாமல் வைத்தார்.

"அப்பா திருப்பி அனுப்பின அந்த ரெண்டு கடுதாசியிலே சித்தப்பா என்ன எழுதியிருந்தாரோ" என்றார்.